ராணியின் பெயர் போனது, களாவின் பெயர் நின்றது

களக்காட்டுக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று எங்கள் பக்கம் கேட்டால் மூன்று பதில்கள் கிடைக்கும். கோயில் வாசலில் ஒரு பதில், வயல் வரப்பில் ஒரு பதில், பழைய சண்டைகளின் கதை தெரிந்தவர்களிடம் இன்னொரு பதில். மூன்றையும் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவன் நான். ஓர் ஊரின் பெயர் எப்படி நிலைக்கிறது, யார் வைத்தால் நிலைக்கிறது என்ற யோசனை வரும்போதெல்லாம் எனக்கு எங்கள் பச்சையாற்றங்கரை ஊர்கள்தான் ஞாபகத்துக்கு வரும். அதை ஒருமுறை நிதானமாக எழுதிவிட வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

ஊர் தெரியாதவர்களுக்காக முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி மாவட்டம், நாங்குநேரி வட்டம். மேற்கே எழுந்து நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். பேரூராட்சியாக இருந்து 2021-ல் நகராட்சியானது. ஆனாலும் கடைத்தெருவைத் தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால் வாழைத்தோட்டம், வயல், குளக்கரை என்று கிராமம் தொடங்கிவிடும். வாழைத்தாருக்குப் பேர்போன இடம். இங்கே வெட்டும் ஏத்தன் தார்கள் லாரி ஏறி மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்குப் போகும். இத்தனைக்கும் காரணம் மலையிலிருந்து இறங்கும் தண்ணீர். அந்தத் தண்ணீரின் பெயர் பச்சையாறு.

மூன்று கதைகள்

கோயில் வாசலில் சொல்லும் கதை இது. களக்காட்டின் நடுவில் சத்தியவாகீசுவரர் கோயில் இருக்கிறது. அம்மன் கோமதி. ஒன்பது நிலைக் கோபுரம் ஊருக்கு வெளியே வரும்போதே கண்ணில் படும். தட்டினால் சுரம் எழுப்பும் தூண்கள் உள்ளே இருக்கின்றன. மார்ச் மாதத்திலும் செப்டம்பர் மாதத்திலும், பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, காலை வெயில் நேராக மூலவர் மீது விழும் என்று அதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். இராவணன் சீதையைக் களவாடியது இந்தக் காட்டில்தான் என்பது தலபுராணத்தை ஒட்டி வழங்கும் கதை. களவு நடந்த காடு, அதனால் களவுக்காடு, பிறகு களக்காடு. சோரகாடவி என்று வடமொழிப் பெயரும் சொல்வார்கள். சீதையைத் தேடி வந்த இராமனுக்கு, அவள் திரும்பக் கிடைப்பாள் என்று இறைவன் சத்திய வாக்குக் கொடுத்தார், அதனால்தான் அவர் சத்தியவாகீசர் என்று கதை முடியும்.

இரண்டாவது கதை களம். இந்த ஊருக்காக நடந்த சண்டைகளுக்குக் கணக்கில்லை. வேணாட்டு அரசர்கள், பாண்டியர்கள், விஜயநகரப் படை, பிறகு திருவிதாங்கூரும் ஆற்காட்டு நவாபும் என்று ஆளாளுக்கு இதைத் தங்களுடையது என்றார்கள். 18-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருவிதாங்கூருக்கும் நவாபுக்கும் நடுவே களக்காடு கைமாறிய கதையைக் கால்டுவெல் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் விரிவாகப் படிக்கலாம். இத்தனை போர் கண்ட மண்ணைக் ‘களம் இருந்த காடு’ என்று பிரித்துச் சொல்பவர்கள் இருப்பதில் ஆச்சரியமில்லை.

மூன்றாவது கதை வரப்பில் கேட்டது. எங்கள் ஆச்சி அதைக் கதையாகக்கூடச் சொன்னதில்லை. “இது பூராவும் களாக்காடா கெடந்த எடம்லா” என்று போகிற போக்கில் சொல்வார். களா என்பது முள்ளுச் செடி. மலையடிவாரத்துப் புதர்க்காட்டில் தானாக முளைக்கும். நட்சத்திரம் மாதிரி வெள்ளைப் பூ, நல்ல வாசனை. காய் சிவந்து, பிறகு கறுத்துப் பழுக்கும். காயில் பால் வடியும், உதட்டில் பட்டால் பிசுபிசுவென்று ஒட்டும். அதனால்தான் பறிக்கப் போகும் பிள்ளைகளிடம் பெரியவர்கள், “கறுக்கட்டும்டே, அவசரப்படாத” என்பார்கள். காயாக இருந்தால் ஊறுகாய், கனிந்தால் அப்படியே வாய்க்கு. அரளியும் நந்தியாவட்டையும் இதற்குச் சொந்தம், ஒரே குடும்பத்துச் செடிகள்.

களாக்காடு எப்படிக் களக்காடானது என்பதற்குத் தமிழில் நல்ல வழி இருக்கிறது. ஒற்றைக் குறிலுக்குப் பின்னால் வரும் ‘ஆ’ செய்யுளில் குறுகலாம், குறுகியபின் ஓர் உகரத்தைச் சேர்த்துக்கொள்ளவும் செய்யலாம் என்று நன்னூலில் ஒரு விதி உண்டு. நிலா நிலவானதும், கனா கனவானதும், இரா இரவானதும், புறா புறவானதும் இந்த வழியில்தான். அதே வழியில் களா, களவாகும். பழைய தமிழில் களாச்செடிக்குக் களவு என்றே ஒரு பெயர் உண்டு, பேரகராதியிலும் அந்தப் பொருளைப் பார்க்கலாம்.

இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே மனம் நிறைந்துபோனது. களவுக்காடு என்று கோயிலில் சொன்னதும், களாக்காடு என்று ஆச்சி சொன்னதும் ஒரே பெயராக இருக்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது பாருங்கள். களவுக்காடு என்று செடியின் பெயரால் வழங்கிய ஊர் இது, செடிக்கு அப்படி ஒரு பெயர் இருந்ததே மக்களுக்கு மறந்துபோன ஒரு காலத்தில் ‘களவு’ என்ற சொல் திருட்டு என்று காதில் விழுந்திருக்க வேண்டும், அந்தத் திருட்டுக்கு ஒரு கதை தேவைப்பட்டு இராமாயணம் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். கோயில் கதையைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒரு முள்ளுச்செடியின் பழைய பெயரை அந்தக் கதை இத்தனை காலம் உள்ளே வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. அதற்காகவே எனக்கு அந்தக் கதை இன்னும் பிடித்துப்போனது.

சோழகுலவல்லிபுரம் எங்கே?

இந்த ஊருக்கு ஒரு ராஜாங்கப் பெயரும் இருந்தது. சோழகுலவல்லிபுரம். களக்காடான சோழகுலவல்லிபுரம் என்று சரித்திர நூல்களில் வரும். 16-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேணாட்டு அரச மரபைச் சேர்ந்த பூதலவீர உதயமார்த்தாண்டவர்மன் களக்காட்டில் அரண்மனை கட்டி இருந்து ஆண்டார். சோழகுலவல்லி என்ற அரசகுமாரியை அவர் மணந்ததாகவும், அவள் பெயரால் ஊருக்கு இந்தப் பெயர் வந்ததாகவும் திருவிதாங்கூர் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1530-களில் விஜயநகரத்து அச்சுதராயரின் படை தெற்கே இறங்கி வந்து, திருவடி என்று அழைக்கப்பட்ட வேணாட்டு அரசரைத் தோற்கடித்தது. அதன் பிறகு களக்காட்டின் ராஜாங்க மரியாதை மெல்ல மெல்லக் குறைந்தது.

இன்றைக்குக் களக்காட்டுப் பேருந்து நிலையத்தில் இறங்கி சோழகுலவல்லிபுரத்துக்கு வழி கேட்டுப் பாருங்கள். ஒருவருக்கும் தெரியாது. எவ்வளவு அழகான பெயர்! சொல்லும்போதே வாய் நிறைகிறது. அரசன் வைத்தது, கல்லில் வெட்டியது, அரண்மனையோடு இருந்தது. ஆனால் மாடு பத்திக்கொண்டு போனவரும், விறகுக்குப் போன பெண்ணும், தண்ணீர் திருப்பப் போன மடைக்காரரும் அதைச் சொல்லவில்லை. அவர்கள் களக்காடு என்றார்கள். புலவர்கள் பாடும்போதுகூடக் களந்தை என்று அதே பெயரைத்தான் சுருக்கினார்கள். அரசு போனதும் அரசன் வைத்த பெயரும் கூடவே போய்விட்டது.

உடனே, அரசர்கள் வைத்த பெயரெல்லாம் அழிந்துவிடும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ‘தமிழகம் ஊரும் பேரும்’ என்ற நூலை 1946-ல் தந்த ரா.பி. சேதுப்பிள்ளை பிறந்த ஊர், திருநெல்வேலிக்கு அருகே தாமிரபரணிக் கரையிலுள்ள ராஜவல்லிபுரம். அதுவும் ‘வல்லிபுரம்’தான், இன்றுவரை அதே பெயரில் இருக்கிறது. ஆக, பெயரை யார் வைத்தார்கள் என்பதைவிட, அந்த ஊர் மக்கள் தங்கள் அன்றாட வேலைக்கு அதை எடுத்துக்கொண்டார்களா என்பதில்தான் விஷயம் இருக்கிறது. என் கட்சி இவ்வளவுதான். இதற்குச் சாட்சி சொல்ல எங்கள் ஆற்றங்கரை முழுவதும் ஊர்கள் இருக்கின்றன.

பச்சையாறு இறங்கும் வழி

பச்சையாறு பிறப்பது களக்காட்டு மலையில், கடல்மட்டத்துக்குச் சுமார் 1300 மீட்டர் உயரத்தில். மேலே செங்கல்தேரிப் பக்கம் மழைக்காடு. சூரியன் தரையில் படாத அடர்த்தி. அங்கேதான் சிங்கவால் குரங்குகள் மர உச்சியிலேயே காலத்தைக் கழிக்கின்றன. இந்தக் குரங்கைக் காப்பாற்றுவதற்காகவே 1976-ல் களக்காடு சரணாலயம் அமைந்தது. பக்கத்தில் 1962 முதலே இருந்த முண்டந்துறை புலிகள் சரணாலயத்தோடு அதைச் சேர்த்து, 1988-ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் ஆனது. பரப்பு சுமார் 895 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. அதன் பெயரில் எங்கள் ஊரின் பெயர் முதலில் வருவதில் எனக்குப் பெருமை. ஒரு களாச்செடியின் பெயர் உலகத்துப் புலி ஆராய்ச்சியாளர்கள் வாயிலெல்லாம் நுழைந்துவிட்டதே என்று தோன்றும்.

மலையிலிருந்து பச்சையாறு சமவெளிக்கு இறங்கும் இடத்தில் குறுக்கே ஒரு அணை. அதற்குப் பெயர் தலையணை. வெளியூர்க்காரர்கள் கேட்டதும் படுக்கை ஞாபகம் வந்து சிரிப்பார்கள். ஆற்றின் தலைப்பில் இருக்கும் முதல் அணை, அதனால் தலையணை. பாபநாசத்தில் தாமிரபரணி சமவெளிக்கு இறங்கும் இடத்திலும் ஒரு தலையணை உண்டு. எங்கள் தலையணைக்குக் குளிக்க வரும் கூட்டம் விடுமுறை நாளில் அதிகம். மேலே மழை பெய்து வெள்ளம் வந்தால் வனத்துறை வழியை அடைத்துவிடும். தண்ணீர் எந்தக் கோடையிலும் சில்லென்று இருக்கும். அதற்கு ஏன் பச்சையாறு என்று பெயர் என்பதை விளக்க ஆளே வேண்டாம், காட்டு நிழல் விழுந்த அந்தக் கசத்தைப் பார்த்தால் போதும்.

அங்கிருந்து தண்ணீர் கால்களாகப் பிரிகிறது. எங்கள் பக்கம் ‘கால்’ என்றால் வாய்க்கால். களக்காட்டுக்குள் ஓடும் ஒரு காலுக்கு நாங்குநேரியான் கால் என்று பெயர். ஓடுவது களக்காட்டில், பெயர் நாங்குநேரிக்கு! எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது. இந்தத் தண்ணீர் யாருக்குப் போக வேண்டியது என்பதை ஓடும் வழியெல்லாம் அந்தப் பெயர் சொல்லிக்கொண்டே போகிறது. நடுவில் இருப்பவர் மடையைக் கூடுதலாகத் திறந்தால், பெயரே அவருக்குக் கேள்வி கேட்கும். பத்திரமும் கையெழுத்தும் இல்லாத காலத்தில் ஒரு பாசன உரிமையை இதைவிடச் சுருக்கமாக எழுதிவைக்க முடியுமா? அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் நாங்குநேரிக்கும் நான்கு ஏரிகள் சூழ்ந்த ஊர் என்றுதான் பெயர்க்காரணம் சொல்கிறார்கள்.

அப்படியே அக்கம்பக்கத்து ஊர்ப்பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். மாவடி, மூங்கிலடி: ஒரு மாமரத்தின் அடியிலும் மூங்கில் புதரின் அடியிலும் குடியேறிய ஆட்கள் கண்ணுக்குத் தெரிகிறார்களா? மலையடிப்புதூர்: மலையின் அடியில் புதிதாக அமைந்த ஊர். கருவேலங்குளம்: கருவேல மரம் சூழ்ந்த குளம். இடையன்குளம், சிங்கிகுளம், பத்மநேரி என்று குளத்தையும் ஏரியையும் சுமந்த பெயர்கள் நிறைய. மஞ்சுவிளை என்ற பெயரில் ‘விளை’ இருக்கிறது, எங்கள் பக்கத்திலும் குமரிப் பக்கத்திலும் மேட்டு நிலத் தோட்டத்துக்கு அதுதான் சொல். காடுவெட்டி: அங்கே வந்தவர்கள் முதலில் என்ன செய்தார்கள் என்பது பெயரிலேயே இருக்கிறது. வடுகச்சிமதில் என்று ஓர் ஊர் இருக்கிறது, தெலுங்கு பேசும் மக்கள் வடக்கிலிருந்து வந்து இங்கே வாழ்ந்த சுவடு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இவற்றிலெல்லாம் சிகரம் கடம்போடுவாழ்வு. கடம்ப மரம் தண்ணீர்ப்பக்கம் வளரும், முருகனுக்கு உகந்தது. கடம்போடு வாழ்வு என்று சொல்லும்போது ஒரு மரத்தோடு சேர்ந்து வாழ உறுதி எடுத்துக்கொண்ட ஊர் மாதிரி இருக்கிறது. இதை ஒரு கவிஞன் உட்கார்ந்து யோசித்தாலும் இவ்வளவு நன்றாக வந்திருக்காது. அந்த ஊர் பெயர்ப்பலகையைப் பேருந்திலிருந்து பார்க்கும்போதெல்லாம் ஒரு நிமிடம் மனசு லேசாகும்.

இந்தப் பெயர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். முதலில் மலையடி, மூங்கில், களா. பிறகு காடு வெட்டுதல். பிறகு குளம், ஏரி, கால். பிறகு விளை, வாழ்வு. மனிதர்கள் இந்த அடிவாரத்தில் எந்த வேலையையெல்லாம் செய்து நிலத்தைத் தங்களுக்கு ஆக்கிக்கொண்டார்களோ, அத்தனையும் பெயர்களில் பதிந்திருக்கிறது. இந்த ஊர்களுக்கென்று தனி வரலாற்று நூல் யாரும் எழுதவில்லை, ஆனால் ஊர்களின் பட்டியலே பாதி வரலாறு.

பச்சையாறு இப்படிக் குளம் குளமாக நிரப்பிவிட்டு, தருவை அருகே தாமிரபரணியில் போய்ச் சேர்கிறது. வழியில் இப்போது வடக்குப் பச்சையாறு அணையும் இருக்கிறது, உயரம் ஏறத்தாழ 50 அடி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் குளங்கள் நிரம்பி மறுகால் பாயும். “பெரிய கொளம் மறுகா பாயுதாம்லா” என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில் இருக்கும் சந்தோஷம் வேறு எந்தச் செய்தியிலும் இருக்காது. பிசான நெல் சாகுபடிக்குத் தண்ணீர் நிச்சயம் என்று அர்த்தம்.

வெளியிலிருந்து வந்த ஒரு பெயர்

இதுவரை சொன்னவை நிலத்திலிருந்து முளைத்த பெயர்கள். களக்காட்டுக்குப் பக்கத்திலேயே கடல் கடந்து வந்த ஒரு பெயரும் இருக்கிறது: டோனாவூர். தமிழ்நாட்டில் இப்படி ஒரு பெயரா என்று கேட்பவர்கள் உண்டு.

ரேனியஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்து, 1838-ல் இறக்கும்வரை திருநெல்வேலிச் சீமையில் வேலை செய்தார். தமிழை ஆழமாகக் கற்று இலக்கணமும் எழுதியவர். புதிதாகக் கிறிஸ்தவம் தழுவியவர்களுக்கு ஊர்கள் அமைத்துக் கொடுத்தார். அப்படி மலையடிவாரத்தில் ஓர் ஊர் அமைக்கப் பிரஷ்யாவைச் சேர்ந்த டோனா என்ற பிரபு பணம் கொடுத்து உதவினார். 1827-ல் அந்த ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். டோனா, கூடவே ஒரு தமிழ் ‘ஊர்’. டோனாவூர்.

ஒரு பிரஷ்யப் பிரபுவின் பெயர் எப்படி இருநூறு வருடமாக நிற்கிறது, ஒரு சோழகுலவல்லியின் பெயர் ஏன் நிற்கவில்லை? என் கட்சிக்கு இது சரியான சோதனை. நான் யோசித்த அளவில் பதில் அதே இடத்தில்தான் இருக்கிறது. டோனாவூர் என்பது அங்கே வந்து குடியேறிய மக்களின் புதிய வாழ்க்கைக்குப் பெயர். பழைய ஊர்களில் அவர்களுக்கு இருந்த இடத்தை விட்டு, தங்களுக்கென்று ஒரு தெருவும் ஒரு கோயிலும் கண்ட இடம் அது. அந்தப் பெயரை அவர்கள் தினமும் சொல்லித் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள முதலூர் 1799-ல் தொடங்கியதும் இதே வழியில்தான், முதன்முதலாக அமைந்த கிறிஸ்தவக் குடியிருப்பு என்ற நினைவை அதன் பெயர் சுமக்கிறது.

பிறகு 1901-ல் ஏமி கார்மைக்கேல் என்ற அயர்லாந்துப் பெண் டோனாவூருக்கு வந்தார். கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண்குழந்தைகளை அழைத்துவந்து வளர்த்தார். அது வளர்ந்து பெரிய இல்லமாக, மருத்துவமனையாக ஆனது. சொந்த நாட்டுக்குத் திரும்பாமல் 1951-ல் அங்கேயே இறந்தார். கல்லறைக்கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்து, தாயைக் கூப்பிடும் ஒரே ஒரு சொல்லை அதில் பொறித்தார்கள். டோனாவூர் என்ற பெயருக்கு இன்றைக்குப் பொருள் கேட்டால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பிரபுவைச் சொல்ல மாட்டார்கள், அந்த அம்மாவைத்தான் சொல்வார்கள். பெயரைப் பணம் கொடுத்தது, அர்த்தத்தை அங்கே வாழ்ந்தவர்கள் கொடுத்தார்கள்.

தாமிரபரணியில் இதே மாதிரி இன்னொரு பெயர் உண்டு, கன்னடியன் கால். கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர், தமக்குக் கிடைத்த பொருளைக்கொண்டு, ஒரு பசு நடந்து காட்டிய வழியிலேயே இந்தக் காலை வெட்டினார் என்று சேரன்மகாதேவிப் பக்கம் கதை சொல்வார்கள். அவருடைய சொந்தப் பெயர்கூடக் காலோடு ஒட்டவில்லை, எங்கிருந்து வந்தவர் என்பது மட்டும் ஒட்டியது. ஆனால் தண்ணீர் ஓடுகிறவரை அதைச் சொல்லத்தானே வேண்டும்! “கன்னடியன்ல தண்ணி விட்டாச்சா?” என்று இன்றைக்கும் விவசாயிகள் கேட்கிறார்கள். நிலமும் நீரும் தொடர்ந்து உயிரோடு இருந்தால் பெயரும் இருக்கும்.

இப்போது எதற்காக இதையெல்லாம் எழுதுகிறேன்?

ஊர்ப்பெயர்களைப் பற்றி அவ்வப்போது பெரிய பேச்சு எழும். 2020 ஜூனில் தமிழக அரசு 1018 ஊர்களின் பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழ் உச்சரிப்புப்படியே எழுதுவதற்கு ஒரு பட்டியலை வெளியிட்டது. எழுத்துகளைப் பற்றிப் பல விமர்சனங்கள் வர, சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றது. அந்த விவாதம் நல்லதுதான். ஆனால் எந்தப் பட்டியலிலும் வராத பெயர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஒரு ஊருக்குள்ளே ஒவ்வொரு மடைக்கும் ஒரு பெயர் இருந்தது. ஒவ்வொரு ஓடைக்கும், பொத்தை என்னும் சின்னக் குன்றுக்கும், பத்து என்னும் வயல் பரப்புக்கும், களத்துக்கும் பெயர் இருந்தது. மடைக்காரர் அதைச் சொல்லித்தான் தண்ணீரைத் திருப்பினார். இப்போது வயலில் பாதி வாழைக்கு மாறி, ஆழ்குழாய்க் கிணறு வந்துவிட்டது. மடைப் பெயரைச் சொல்ல வேண்டிய வேலையே குறைந்துவிட்டது. வேலை போனால் பெயரும் போகும், சோழகுலவல்லிபுரம் போன மாதிரியே.

போனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். திருநெல்வேலியின் புதிய பேருந்து நிலையம் எழுந்த இடத்துக்குப் பெயர் வேய்ந்தான்குளம். இது குளம் என்று பெயர் அப்போதே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பெருமழை பெய்தால் தண்ணீர் அங்கே வருவதில் அதிசயம் ஒன்றுமில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் கொட்டிய மழையை நாம் எளிதில் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணியும் அதில் சேரும் ஆறுகளும் கரை தாண்டின. ஓடை என்றும் பள்ளம் என்றும் பெயர் வைத்திருந்த இடங்களைப் பெரியவர்கள் ஏன் வீடு கட்டாமல் விட்டுவைத்தார்கள் என்று அந்த வாரம் பல ஊர்களில் எல்லாருக்கும் புரிந்தது. ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: “ஓடைன்னு பேரு வச்சவன் மடையன் இல்ல தம்பி. அவன் அந்தத் தண்ணியப் பாத்திருக்கான்.” பெயர் என்பது முன்னால் பார்த்தவர் பின்னால் வருபவருக்குக் கொடுத்த தகவல். அது அழிந்தால் அந்தத் தகவலும் அழிகிறது.

அதனால் உங்கள் எல்லாரிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர் எதுவாக இருந்தாலும் சரி, அங்கே எழுபது, எண்பது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் உட்கார்ந்து சின்னப் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். ஊரின் பெயருக்குக் காரணம் கேட்பதைவிட, “இந்த மடைக்கு என்ன பேரு? அந்த ஓடை எங்கேருந்து வருது? இந்த மேட்டை என்ன சொல்லிக் கூப்பிடுவிய?” என்று கேட்டால் நிறையக் கிடைக்கும். ஆண்களிடம் மட்டும் கேட்காதீர்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போன பெண்களுக்குத் தெரிந்த வயல் பெயர்கள் வேறு, கீதாரிகளுக்குத் தெரிந்த மேய்ச்சல் இடங்களின் பெயர்கள் வேறு. ஒரே இடத்துக்கு இரண்டு தெருக்காரர்கள் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எது சரி என்று அங்கேயே முடிவு கட்ட வேண்டாம், களவுக்காடும் களாக்காடும் மாதிரி இரண்டுக்கும் உள்ளே ஓர் உறவு இருக்கலாம்.

பிறகு அந்தப் பெயரை எல்லாரும் கையாளும் ஒரு இடத்தில் வையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடம் இருக்கும், சர்வே எண்ணோடு சேர்த்துக் குறித்துக்கொண்டால் பெயர் இடத்தோடு பிணைந்துவிடும். புதிய தெருவுக்கோ குடியிருப்புக்கோ பெயர் தேடும் கூட்டம் நடந்தால், அங்கே போய் அந்த நிலத்தின் பழைய பெயரைச் சொல்லுங்கள். பள்ளி ஆசிரியர்கள் மனம் வைத்தால், ஒரு வகுப்புப் பிள்ளைகள் ஒரே பருவத்தில் ஒரு பஞ்சாயத்து முழுவதையும் கேட்டு எழுதிவிட முடியும்.

களக்காட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. நம் ஊரில் களாச்செடி இப்போது தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. தரிசுகளைச் சீமைக்கருவேல் பிடித்துக்கொண்டது. தோட்டத்து வேலிக்குக் கம்பி கட்டுகிறவர்கள், ஒரு பக்கமாவது களாவை நட்டுப் பாருங்கள். நல்ல முள், ஆடு மாடு எளிதில் நுழையாது. அதிகம் தண்ணீர் கேட்காது. காய் ஊறுகாய்க்கு ஆகும். நம் ஊருக்குப் பெயர் தந்த செடியை நம் பிள்ளைகள் நேரில் பார்த்து, முள் குத்தி, பழம் தின்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். நாற்று வேண்டுபவர்கள், விதை சேகரித்து வைத்திருப்பவர்கள் இருந்தால் நாம் கூடிப் பேசலாம். வருகிற ஐப்பசி மழைக்கு முன்னால் தொடங்கிவிடலாம்.